கரிபூ வேட்டை: கைடோடு போவதா, தனியாகப் போவதா?

வாசகர் கேள்வி: மினசோட்டாவில் வசிக்கிறேன். வயது 46, அமெரிக்கக் குடியுரிமை பெற்றவன். சில வருடங்களாக நவம்பர் சீசனில் வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகிறேன். டொராண்டோவில் இருக்கும் என் மச்சான் கனடாக் குடிமகன், அவரும் வேட்டைக்குப் போகிறவர். இருவரும் சேர்ந்து அலாஸ்காவில் கரிபூ மான் வேட்டையாட ஆசைப்படுகிறோம். வேட்டைப் பயணம் நடத்தித் தரும் அவுட்ஃபிட்டர் ஒருவர், கைடு (களத்தில் கூட வரும் வழிகாட்டி), கூடாரம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 11,500 டாலர் கேட்கிறார். சின்ன விமானத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டு ஒரு வாரம் கழித்து வந்து கூட்டிப்போகும் இன்னொரு நிறுவனம் ஆளுக்கு 4,800 டாலர் சொல்கிறது. சுடத் தெரிந்தவனுக்குக் கைடு எதற்கு என்பது மச்சான் வாதம். போன வருடம் எனக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது, இப்போது நன்றாக நடக்கிறேன். இறைச்சியை வீட்டுக்குக் கொண்டுவருவது எங்கள் இருவருக்கும் முக்கியம். எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

பதில்:

முதலில் உங்கள் மச்சானின் பாஸ்போர்ட்டைப் பற்றிப் பேசிவிடலாம். நீங்கள் இருவரும் இதுவரை போட்ட திட்டத்தில் பாதி அங்கேயே அடிபட்டுப் போகிறது.

அலாஸ்கா சட்டப்படி, அமெரிக்கக் குடிமகனாக இல்லாமல் வேறு நாட்டில் குடியிருப்பவர் அங்கே எந்தப் பெரிய விலங்கை வேட்டையாடினாலும் உரிமம் பெற்ற கைடு கூடவே இருக்க வேண்டும். கரிபூவும் அதில் அடக்கம். வெளிமாநிலத்து அமெரிக்கரான உங்களுக்கு அந்தக் கட்டாயம் பழுப்புக் கரடி, டால் ஆடு, மலை ஆடு மூன்றுக்கு மட்டும்தான். கரிபூவுக்கு நீங்கள் கைடு இல்லாமல் போகலாம், டொராண்டோவில் இருக்கும் மச்சான் போக முடியாது. 4,800 டாலர் சொன்ன நிறுவனம் உங்கள் இருவரின் குடியுரிமையைக் கேட்டதா? கேட்காமலே விலை சொல்லியிருந்தால் நான் அவர்களிடம் முன்பணம் கட்டமாட்டேன். கட்டணமும் ஒன்றல்ல. இப்போதைய நிலவரப்படி உங்களுக்கு வேட்டை உரிமம் 160 டாலர், கரிபூ டேக் (ஒரு மானை அடிப்பதற்கான அனுமதிச் சீட்டு) 650 டாலர். மச்சானுக்கு உரிமம் 630, டேக் 850. நீங்கள் சொன்ன இரண்டு விலையிலும் பெரும்பாலும் இவை சேர்ந்திருக்காது.

ஆக, அலாஸ்காவில் மச்சானும் சுட வேண்டுமானால் கைடு உண்டு, அதில் பேச்சே இல்லை. கைடு இல்லாமல்தான் போவேன் என்று நீங்கள் முடிவெடுத்தால் அவர் வேட்டையாடாமல் துணைக்கு வரலாம். இரண்டுமே மரியாதையான வழிகள்தான். ஆனால் எந்த வழி என்பதை முன்பணம் கட்டும் முன்பே இருவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். வேட்டைப் பயணங்களைத் திட்டமிட்டுக் கொடுப்பது என் தொழில். உறவுக்காரர்கள் சேர்ந்து போகும் பயணங்களில் மனஸ்தாபம் வருவது பெரும்பாலும் இப்படிப் பேசாமல் விட்ட விஷயத்தால்தான்.

இனி, இந்த இரண்டு நிறுவனங்களும் உங்களுக்கு என்னதான் விற்கிறார்கள் என்று பார்ப்போம்.

விமானத்தில் இறக்கிவிடுகிறவருக்கு அலாஸ்காவில் டிரான்ஸ்போர்ட்டர் என்று தனி உரிமம் உண்டு. வேட்டைக்காரரைக் கொண்டுபோய்விட்டு, அவரையும் இறைச்சியையும் திரும்பக் கொண்டுவருவது அவர் வேலை. களத்தில் மானைத் தேடித் தருவது, கூட நடப்பது, தோலுரிக்க உதவுவது எதையும் அவர் செய்யக் கூடாது, சட்டமே அனுமதிப்பதில்லை. நீங்கள் வாங்குவது விமானப் பயணத்தை. இறங்கிய இடத்தில் நேற்று ஆயிரம் மான் போயிருக்கலாம், நாளை ஒன்றுகூட வராமல் போகலாம். கரிபூ வருடம் முழுக்க நடந்துகொண்டே இருக்கும் விலங்கு. காற்று, கொசு, முதல் பனி என்று ஏதாவது ஒன்று மாறினாலும் மந்தை பாதையை மாற்றிக்கொள்ளும். கூடாரத்தை வேறிடம் மாற்றித் தரச் சொன்னால் அதற்குத் தனிக் கட்டணம், அதுவும் வானிலை விட்டால்தான். விமானத்தில் போன அன்றே பொதுவாகச் சுடவும் முடியாது, மறுநாள் அதிகாலை 3 மணி வரை காத்திருக்க வேண்டும் என்பது விதி. ஒரு வாரம் என்பது இப்படித்தான் ஐந்து நாளாகச் சுருங்கும்.

கைடு வைத்திருக்கும் அவுட்ஃபிட்டரிடம் நீங்கள் வாங்குவது இடத்தைப் பற்றிய பழக்கத்தையும் கூட உழைக்கும் கைகளையும். மச்சான் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: சுடுவது கரிபூ வேட்டையில் ஆகச் சின்ன வேலை. மான் விழுந்த பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது. கைடு வேண்டுமா வேண்டாமா என்று அந்த வேலையை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். அலாஸ்காவில் நன்கு வளர்ந்த ஆண் கரிபூ சராசரியாக 350 முதல் 400 பவுண்டு, அதாவது 160 முதல் 180 கிலோ இருக்கும். எலும்பு நீக்கிய இறைச்சியே 50 கிலோவைத் தாண்டும். சட்டம் இதில் கறார். நான்கு கால் சப்பைகள், முதுகுச் சதை, கழுத்து, நெஞ்சுக்கறி, விலாக்கறி என்று உண்ணத்தக்க அத்தனையையும் கொண்டுவந்தே ஆக வேண்டும். சில பகுதிகளில் அக்டோபர் 1க்கு முன் அடித்த மானின் கால்களையும் விலாவையும் எலும்போடுதான் வெளியே கொண்டுவர வேண்டும் என்ற விதியும் உண்டு. எலும்போடு இருக்கும் இறைச்சி சீக்கிரம் கெடாது என்பதுதான் காரணம். ஆனால் ஒரு பின்தொடை எலும்போடு 20 கிலோவுக்கு மேல் கனக்கும். இறைச்சியை விட்டுவிட்டுக் கொம்பை மட்டும் முதலில் கொண்டுவருவது குற்றம்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். மான் விழுந்த இடம் கூடாரத்திலிருந்து 3 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஆள் நான்கு சுமையாகத் தூக்கினால், போகவர மொத்தம் 21 கிலோமீட்டர் நடை. இருவர் பகிர்ந்தால் பாதிக்கும் குறையும். ஆனால் துந்த்ராவில், அதாவது மரமில்லாத வடக்குக் குளிர்ச் சமவெளியில், நடப்பது ரோட்டில் நடப்பதைப் போல இல்லை. முழங்கால் உயரத்துக்குப் பந்து பந்தாகப் புல்முடிச்சுகள், நடுவில் தண்ணீர். மேலே கால் வைத்தால் முடிச்சு சாயும், இடையில் வைத்தால் கணுக்கால் மாட்டும். 30 கிலோவை முதுகில் வைத்துக்கொண்டு அதில் ஒரு கிலோமீட்டர் போக முக்கால் மணி நேரம் ஆனால் ஆச்சரியப்பட மாட்டேன். நன்றாக நடக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் மினசோட்டாவில் நடைபாதையில் நடப்பதை வைத்து உங்கள் முழங்காலை எடைபோட வேண்டாம். மருத்துவரிடம் "நன்றாக நடக்கலாமா" என்று கேட்காதீர்கள். "30 கிலோ சுமையோடு மேடுபள்ளத்தில், அடுத்தடுத்து இரண்டு நாள்" என்று சொல்லிக் கேளுங்கள்.

சுமந்து வந்த பிறகும் வேலை முடியாது. ஆகஸ்ட் கடைசியில் பகல் வெயில் வட அலாஸ்காவிலும் நன்றாகவே அடிக்கும், ஈ மொய்க்கும். இறைச்சியைத் துணிப் பைகளில் போட்டு, தரையில் படாமல் புதர்க் கிளைகளின் மேல் பரப்பி, மேலே தார்ப்பாயைக் காற்று புகும்படி கட்ட வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் ஒரே இரவில் நாற்றம் எடுக்கும். மழை பெய்தால் நனையவிடாமல் காக்க வேண்டும், ராத்திரியில் கரடி வந்துவிடாமலும் பார்க்க வேண்டும். அதற்கு பாட்டரியில் ஓடும் மின்வேலி கிடைக்கிறது. இறைச்சியைக் கூடாரத்திலிருந்து நன்றாகத் தள்ளி வைத்து வேலியை அதைச் சுற்றிப் போடுங்கள். கரடி ஸ்பிரேயையும் சமையல் காஸ் சிலிண்டரையும் பயணிகள் விமானத்தில் எந்தப் பெட்டியிலும் கொண்டுபோக முடியாது, அங்கே போய்த்தான் வாங்க வேண்டும்.

இதில் ஒன்றையும் உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. இவ்வளவையும் இருவராகச் செய்து முடித்து, சமைத்துச் சாப்பிட்டு, விமானச் சத்தத்துக்காகக் காத்திருக்கும் அந்த வாரத்தைப் போல ஒரு வேட்டை அனுபவம் கிடையாது என்று நம்புகிறவன் நான். தனியாகப் போவதை நான் மதிக்கிறேன். அதனாலேயே அதை முதல் கரிபூ பயணமாக யாருக்கும் சுலபத்தில் சொல்வதில்லை.

உங்கள் வேட்டைப் பழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மினசோட்டாக் காட்டில் மரத்தின் மேல் உட்கார்ந்து, கீழே வரும் மானை 60, 80 கெஜத்தில் சுட்டிருப்பீர்கள். அடித்த மானை இழுத்துக்கொண்டு போனால் வண்டி நிற்கும். துந்த்ராவில் மரமே கிடையாது. தூரம் ஏமாற்றும், காற்று குண்டைத் தள்ளும், 200 முதல் 300 கெஜம் சாதாரணம். இன்னொரு சிக்கல், மான் இனத்தில் பெட்டைக்கும் கொம்பு உள்ளது கரிபூ ஒன்றுதான். வெளியூர்க்காரருக்குப் பல பகுதிகளில் ஆண் மான் மட்டுமே அனுமதி. கொம்பைப் பார்த்து முடிவெடுத்தால் இளம் ஆணும் பெட்டையும் குழம்பும். வாலுக்குக் கீழே கறுப்புத் திட்டு தெரிந்தால் பெட்டை, வயிற்றுக்கு அடியில் ஆண்குறி உறை தெரிந்தால் ஆண். இதைத் தொலைநோக்கியில், ஓடும் மந்தையின் நடுவில் கண்டுபிடிக்க வேண்டும். பக்கத்தில் பழகிய கைடு ஒருவர் இருந்து காட்டித் தந்தால் இரண்டு நாளில் கண்ணுக்குப் பழகிவிடும்.

இறைச்சிதான் முக்கியம் என்கிறீர்கள். அப்படியானால் தேதியில் கண்டிப்பாக இருங்கள். செப்டம்பர் கடைசியில் பெரிய ஆண் மான்களுக்கு இணைசேரும் பருவம் நெருங்கும், அதோடு இறைச்சியில் வாடை ஏறிவிடும். பலர் வாயில் வைக்க முடியாமல் தூக்கிப்போடும் அளவுக்கு ஏறும். ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் 20 வாக்கில் முடித்துவிடுங்கள். அக்டோபர் முதல் வாரத்தை யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்க வேண்டாம்.

அடுத்தது மந்தைகளின் நிலை. அவுட்ஃபிட்டரைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் அநேகமாகக் கேட்காமல் விடுவது இதைத்தான். அலாஸ்காவின் மேற்கு ஆர்க்டிக் மந்தை 2003இல் 4,90,000 மான்களோடு இருந்தது. 2023 கணக்கெடுப்பில் 1,52,000. தென்மேற்கில் முல்சாட்னா மந்தை 1990களில் சுமார் 2 லட்சத்தைத் தொட்டது, பிறகு 13,000 அளவுக்கு இறங்கியது, 2021 முதல் வேட்டையே மூடப்பட்டது. கனடாவில் கியூபெக், லாப்ரடார் பகுதியின் ஜார்ஜ் ரிவர் மந்தை 1990களின் தொடக்கத்தில் 7 லட்சத்துக்கு மேல் இருந்து 2018இல் சுமார் 5,500 ஆனது. அருகில் இருக்கும் லீஃப் ரிவர் மந்தையில் வெளியூர் வேட்டைக்காரர்களுக்கு 2018 பிப்ரவரியோடு கதவு மூடியது. அதுவரை கரிபூ என்றாலே வட கியூபெக் என்று வருடாவருடம் ஆட்களை ஏற்றிப்போன முகாம்கள் பல அதோடு முடங்கின.

இப்படி மூடும்போது முன்பணம் என்ன ஆகும்? அவுட்ஃபிட்டரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். "அரசு சீசனை மூடினாலோ, வெளிமாநிலத்தாருக்கு டேக்கைக் குறைத்தாலோ என் பணம் முழுதும் திரும்ப வருமா, எத்தனை நாளில்?" பதில் வாய்வார்த்தையாக இருந்தால் போதாது. அலாஸ்காவில் கைடு சேவைக்கு எழுத்து ஒப்பந்தம் சட்டப்படியே கட்டாயம், அதில் இந்த வரி இருக்க வேண்டும். வானிலையால் விமானம் வராமல் கூடுதலாகத் தங்கும் நாட்களுக்கு யார் செலவு என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

மற்றபடி உரிமம் உண்மையா என்பதை அலாஸ்கா அரசின் தொழில் உரிமப் பதிவேட்டில் பெயரைப் போட்டு நீங்களே பார்த்துக்கொள்ளலாம், ஐந்து நிமிட வேலை. எங்களோடு களத்தில் நடக்கப் போகும் ஆள் யார், எத்தனை வருடமாக அதே பகுதியில் இருக்கிறார், இரண்டு வேட்டைக்காரருக்கு ஒரு கைடா, ஆளுக்கு ஒருவரா என்று கேளுங்கள். மச்சானும் நீங்களும் ஒரே கைடைப் பகிர்ந்துகொண்டால் விலை குறையும். ஆனால் ஒருவர் மான் அடித்த நாளில் மற்றவர் சும்மா உட்கார நேரும். பரிந்துரைக்குப் பழைய வாடிக்கையாளர் பெயர் கேட்கும்போது, மான் கிடைக்காமல் திரும்பியவர் ஒருவரின் தொடர்பையும் கேளுங்கள். அவரிடம் பத்து நிமிடம் பேசினால் அந்த முகாம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துவிடும். அப்படி ஒருவர்கூட இல்லை என்று சொல்லும் அவுட்ஃபிட்டரை நான் நம்புவதில்லை.

இன்னொரு விஷயம் எனக்கு மனதுக்கு நெருக்கமானது. வடமேற்கு அலாஸ்காவில் பூர்வகுடிகளான இனுபியாட் மக்கள் கரிபூவை நம்பி வாழ்கிறார்கள். கோபுக் ஆற்றங்கரையில் ஆனியன் போர்ட்டேஜ் என்ற இடத்தில், மான்கள் ஆற்றைக் கடக்கும் அதே துறையில், ஏறக்குறைய 9,000 வருடங்களாக மனிதர்கள் வேட்டையாடிய தடயங்கள் கிடைத்திருக்கின்றன. முன்னே வரும் மான்களைத் தொந்தரவு செய்யாமல் போகவிட வேண்டும், அவை போன பாதையில்தான் மற்றவை வரும் என்பது அங்கே பெரியவர்கள் சொல்லித் தரும் ஒழுங்கு. வெளியூர் வேட்டைக்காரர் விமானத்தில் வந்து முதல் கூட்டத்தின் முகத்திலேயே இறங்கிச் சுட்டால், கீழே ஆற்றோரக் கிராமத்தில் ஒரு குடும்பத்தின் குளிர்கால உணவு பாதை மாறிப் போய்விடும் என்பது அவர்கள் கவலை. ஆகவே முகாமை எங்கே போடுகிறீர்கள், கிராமத்து வேட்டை இடங்களிலிருந்து எவ்வளவு தள்ளி என்று உங்கள் நிறுவனத்திடம் கேளுங்கள். தலைமை மான்கள் கடந்து போகட்டும், பின்னால் வருவதில் தேர்ந்தெடுங்கள். ஊருக்கு எடுத்துப்போக முடியாத இறைச்சி மிஞ்சினால் நல்ல நிலையில் இருக்கும்போதே கிராமத்தில் கொடுங்கள். அதற்கு ஒரு படிவம் உண்டு, நிறுவனத்திடமே கிடைக்கும்.

சரி, என் முடிவு என்ன? நீங்கள் கேட்ட இரண்டில் எதையும் இந்த முறை எடுக்க வேண்டாம். இருவரும் சேர்ந்து நியூஃபவுண்ட்லாந்துக்குப் போங்கள்.

காரணம் சொல்கிறேன். அங்கே உங்கள் இருவருக்குமே உரிமம் அவுட்ஃபிட்டர் மூலமாகத்தான் கிடைக்கும். மச்சானுக்கு ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டம் என்ற பிரச்சினை எழாது. அந்தத் தீவில் இருப்பது காட்டுவகைக் கரிபூ. ஆர்க்டிக் மந்தைகளைப் போல நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடுவதில்லை, சதுப்பும் புல்வெளியுமான பகுதிகளிலேயே சுற்றிவரும். மந்தை வருமா வராதா என்ற சூதாட்டம் வெகுவாகக் குறைகிறது. பழுப்புக் கரடி கிடையாது. நடை கஷ்டம்தான், சதுப்பு காலை இழுக்கும், ஆனால் கூட ஒரு கைடு சுமை தூக்குவார். டொராண்டோவிலிருந்து மச்சான் காரிலேயே நோவா ஸ்கோஷியா வந்து, நார்த் சிட்னியில் கப்பலேறித் தீவுக்கு வரலாம். குளிர்பெட்டிகளில் இறைச்சியோடு திரும்பவும் அதே வழி. அலாஸ்காவிலிருந்து இறைச்சியை விமானச் சரக்கில் அனுப்பும் செலவைக் கேட்டுப் பாருங்கள், நான் ஏன் காரைச் சொல்கிறேன் என்று புரியும். அங்கேயும் எண்ணிக்கை பழையபடி இல்லை. 1990களின் பிற்பகுதியில் 90,000க்கு மேல் இருந்தது, பிறகு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. அதனால் உரிமங்கள் அளவோடுதான் வருகின்றன, சீக்கிரமே பேசிவையுங்கள்.

நீங்கள் எல்லை தாண்டித் துப்பாக்கி கொண்டுபோவதற்கு, அங்கே குடியில்லாதவருக்கான அறிவிப்புப் படிவத்தை நிரப்பிச் சுங்க அதிகாரி முன்னால் கையெழுத்திட வேண்டும். கட்டணம் 25 கனடா டாலர், 60 நாள் செல்லும். கைத்துப்பாக்கியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். திரும்பும்போது இறைச்சிக்கும் கொம்புக்கும் அமெரிக்க வனவிலங்குத் துறையின் அறிவிப்புப் படிவம் இருக்கிறது, அவுட்ஃபிட்டருக்கு அது பழக்கமாக இருக்கும்.

அங்கே போகும்போது கைடிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், தோலுரிப்பதையும் துண்டு போடுவதையும் நாங்களே செய்கிறோம், நீங்கள் நின்று சொல்லித் தாருங்கள் என்று. நல்ல கைடுகள் சந்தோஷப்படுவார்கள். ஒரு முழு மானை உங்கள் கையால் பிரித்து, சுமந்து, கெடாமல் வீடு வரை கொண்டுவந்து பாருங்கள். முழங்கால் அதைத் தாங்கினால் அதற்கு அடுத்த வருடம் அலாஸ்காவில் உங்கள் டேக்கை மட்டும் வாங்கி, மச்சானைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அந்த 4,800 டாலர் பயணத்துக்குப் போகலாம். இருவர் சுமக்க ஒரு மான், அது நியாயமான கணக்கு. அப்போது கூடாரத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி எதையும் சுடுவதில்லை என்று கிளம்பும்போதே இருவரும் முடிவெடுத்துவிடுங்கள். சாட்டிலைட் தகவல் கருவியும், விமானம் வராமல் போனால் தாங்க மூன்று நாள் கூடுதல் உணவும், ஊர் திரும்பும் டிக்கெட்டில் இரண்டு மூன்று நாள் இடைவெளியும் இருக்கட்டும். சின்ன விமானத்தில் ஆளுக்கு 50 முதல் 70 பவுண்டு மூட்டைதான் ஏற்றுவார்கள் என்பதால் வீட்டிலேயே தராசில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

விதிகள் வருடாவருடம் மாறுகின்றன. நான் இங்கே எழுதிய கட்டணங்களையும் சீசன் நிலவரத்தையும், பணம் கட்டும் வாரத்தில் அலாஸ்கா மீன் மற்றும் வேட்டைத் துறை, நியூஃபவுண்ட்லாந்து வனவிலங்குப் பிரிவு வெளியிடும் அந்த வருடத்துக் கையேட்டோடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள். அவுட்ஃபிட்டரிடமிருந்து ஒப்பந்தம் வந்ததும் கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். பணம் திரும்பும் பகுதியை நான் படித்துச் சொல்கிறேன், அதற்குக் கட்டணம் எதுவும் வேண்டாம்.